தலைநகருக்கு டவுன் பஸ்

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: ரோம், பாரீஸ், லண்டன் என்று பழம்பெருமை வாய்ந்த தலைநகரம் ஒன்றையாவது கண் மூடுவதற்குள் பார்த்துவிட ஆசை. பென்ஷனுக்குள் முடியுமா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் சார். ஷெங்கன் விசாவுக்கு மனுப் போடவே 90 யூரோ. நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல். விசா இல்லை என்று சொல்லிவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது, மொய் எழுதியது மாதிரிதான். ரோமில் பாந்தியன் என்று ஒரு பழங்கோயில், பிற்பாடு தேவாலயமானது. 2023 ஜூலையில் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அங்கே 5 யூரோ டிக்கெட் போட்டார்கள். நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குச் சோழன் ராஜராஜன் கலசம் கொடுத்தது 1010-இல். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1987-இல். நுழைவுக் கட்டணம் இன்றைக்கும் கிடையாது. செருப்பு விடும் இடத்தில் சில்லறை இருந்தால் போதும்.

அதை விடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரையே கவனிக்கவில்லையே! கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பழையாறை என்று ஒரு சிற்றூர் இருக்கிறதல்லவா, அது தஞ்சாவூர் போக சோழர்களின் இன்னொரு தலைநகரம். இப்போது தனித்தனி ஊராக இருக்கும் பட்டீஸ்வரமும் தாராசுரமும் அந்த நகரத்தின் பகுதிகளாக இருந்தவை. வேலைக்குச் சைக்கிள் மிதித்த காலமெல்லாம் ஒரு தலைநகரத்தின் வீதிகளில்தான் மிதித்திருக்கிறீர்கள். லண்டன் ஆசையை விட வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதையும் குறித்து வையுங்கள். அதற்கு முன் பாசஞ்சர் ரயிலில் ஏறி நாற்பது கிலோமீட்டர் வந்து தஞ்சாவூரைப் பார்த்துவிடுங்கள்.

மன்னார்குடி கல்லூரி மாணவர்: தஞ்சாவூரை ரோமோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவராக இல்லை?

கொஞ்சம் ஓவர்தான். அங்கே செனட் கூடிய இடம் இது என்று காட்ட ஒரு கட்டடம் நிற்கிறது. நம்மால் ராஜராஜன் எந்தத் திசையில் தலை வைத்துப் படுத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு காலத்தின் மேல் இன்னொரு காலம் ஏறி உட்கார்ந்திருப்பதில் நாம் குறைந்தவர்கள் இல்லை. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியம் இருந்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மேல்பூச்சு பெயர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம்! அறுநூறு வருஷத்துக்கு முந்தைய சாந்தின் மேல் புதுச் சாந்து பூசி வரைந்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பழைய காலண்டரைக் கழற்றாமலே அதே ஆணியில் புதுக் காலண்டரை மாட்டுவோமே, அப்படி. அந்த உள்சுற்றுக்குப் பொதுமக்களை விடுவதில்லை. வெளியே திருச்சுற்று மாளிகைப் பக்கம் போனால் 1803-இல் இரண்டாம் சரபோஜி தன் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை மராத்தியில் வெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். சோழன் கட்டிய வளாகம், நாயக்கர் வைத்த நந்தி, மராத்தியர் எழுதிய குலக்கதை. ஒரு சுற்று சுற்றினால் மூன்று ராஜ்ஜியம். தனித்தனி டிக்கெட் இல்லை.

பட்டுக்கோட்டை வாசகி: சோழர் அரண்மனை எங்கே? தஞ்சாவூரில் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தது அதுதானே?

இல்லையம்மா. நீங்கள் பார்த்தது நாயக்கர் தொடங்கி மராத்தியர் விரித்துக் கட்டிய அரண்மனை. உள்ளே கலைக்கூடத்தில் நிற்கும் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டு, கட்டடமும் அவர்களுடையது என்று நினைப்பவர்கள் பாதிப்பேர். மூத்த குடிகளை இளையவர் வீட்டில் கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சோழர்கள் சாமிக்குக் கருங்கல்லில் வீடு கட்டினார்கள், தங்களுக்குச் செங்கல்லும் மரமுமே போதும் என்று இருந்துவிட்டார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து தஞ்சையையும் உறந்தை என்ற உறையூரையும் கொளுத்தினான். கொளுத்தியதைத் தன் மெய்க்கீர்த்தியிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். இதில் ஒரு வேடிக்கை. அத்தனையையும் இடித்தவன், பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் தொடவில்லை என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் கொடுத்த மண்டபமாம் அது. எதிரி நாட்டு ராஜாவின் கட்டிலை உடைத்தவன் புலவரின் திண்ணைக்கு மரியாதை வைத்திருக்கிறான். அந்த மண்டபமும் இன்று இல்லை என்பது வேறு விஷயம்.

சோழர் அரண்மனையின் மிச்சத்தைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும் என்றால் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்து மாளிகைமேட்டுக்குப் போங்கள். அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளம் கிடக்கிறது. கூரை ஓடும் சீனப் பீங்கான் சில்லுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. ராஜராஜன் மகன் ராஜேந்திரன் வீட்டிலும் பீங்கான் கை தவறி உடைந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

நீடாமங்கலம் வாசகர்: தஞ்சாவூரில் இலவசமாக என்னென்ன கிடைக்கும்?

பெரிய கோயில், வெயில், வழி கேட்டால் கூடவே வரும் ஆலோசனை.

சென்னை, மேற்கு மாம்பலம் வாசகி: நாங்கள் நாலு பேர், இரண்டு நாள். சிக்கனமாகத் திட்டம் போட்டுக் கொடுங்கள். என் கணவர் கார் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

கணவரைத் தட்டிக்கொடுத்துத் தூங்க வையுங்கள். எழும்பூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் கும்பகோணம் வழியாக விடியற்காலையில் தஞ்சாவூர். நாலு பேருக்கு ஸ்லீப்பர் போட்டாலும் காரின் டீசல், சுங்கச்சாவடி, வழிநெடுக அவர் நிறுத்தப் போகும் டீக்கடை எல்லாம் சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் வராது. பகலில் வயல் பார்த்துக்கொண்டே வர வேண்டுமென்றால் சோழன் எக்ஸ்பிரஸ். அதுவும் மெயின் லைன்தான். சிதம்பரம், மயிலாடுதுறை என்று ஒவ்வொரு ஊராக நின்று நிதானமாக வரும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

ஸ்டேஷனிலிருந்து பெரிய கோயில் நடை தூரம். காலை ஆறு மணிக்கே உள்ளே இருந்துவிடுங்கள். அந்த நேரத்தில் தரை குளிர்ந்து கிடக்கும், விமானத்தின் மேல் முதல் வெயில் இறங்கும், செல்ஃபி ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பத்து மணிக்கு அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம். மத்தியானம் தூக்கம். இதைத் திட்டத்தில் எழுதியே வையுங்கள், இல்லையென்றால் யாராவது மணிமண்டபத்துக்குக் கூப்பிடுவார்கள். சாயங்காலம் மறுபடி பெரிய கோயில், புல்வெளியில் உட்கார.

இரண்டாம் நாள் பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாற்றுக்கு டவுன் பஸ். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆக உங்களுக்குச் செலவு பூஜ்யம். கணவர் டிக்கெட் எடுக்கும்போது நீங்கள் சிரிக்க வேண்டாம். ஜன்னலோரம் பிடித்துப் பாலங்களை எண்ணிக்கொண்டே போங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு. தலைநகரை ஏன் இங்கே வைத்தார்கள் என்ற கேள்விக்கு அந்த பஸ் ஜன்னல் நல்ல பதில் சொல்லும், கைடுக்கு வேலையில்லை. தண்ணீர் இருக்கும் மாதமாக இருந்தால் கூடுதல் யோகம். வறண்ட சித்திரையில் போனால் ஐந்து மணல் திட்டு பார்க்கலாம்.

அரியலூர் வாசகர்: விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, சோழர்களின் அறிவியல்தானே?

போன தை மாதம் சாயங்காலம் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். கைடு ஒருவர் இருபது பேரை நிற்க வைத்து அதே நிழல் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருத்தன் அப்பாவின் சட்டையை இழுத்தான். "அப்பா, நாம நிக்கிறது எதுல?" எல்லோரும் குனிந்து பார்த்தோம். நிழலில்தான் நின்றுகொண்டிருந்தோம். வெயில் தாங்காமல் கைடே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய நிழல்!

கைடு அசரவில்லை. "இது வேற நிழல் தம்பி" என்றார்.

216 அடி உயரத்துக்குக் கல்லை ஏற்றியதே போதுமான அதிசயம். அதற்கு மேல் நிழலையும் பிடுங்க வேண்டியதில்லை. நந்தி வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்கள் என்ற கதையும் உண்டு. அதை நான் மறுக்கப் போவதில்லை, குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது.

திருத்துறைப்பூண்டி கட்சிக்காரர்: பெரிய கோயிலுக்குள் முன்வாசல் வழியாகப் போனால் பதவி போய்விடும் என்கிறார்களே?

இப்போது உங்களுக்கு என்ன பதவி?

வலங்கைமான் விவசாயி: தலைநகர் தலைநகர் என்கிறீர்கள். நெல்லு எங்களுடையதுதானே? அதைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன?

ஒரு வரியா? ராஜராஜனே சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறான். இந்த வாரத் தபாலில் எனக்குப் பிடித்த கேள்வி உங்களுடையது.

விமானத்தைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள். நீங்கள் குனியுங்கள். அடித்தளம் நெடுக எழுத்து. எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல் வர வேண்டும், எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்று கணக்கு. மரக்காலுக்குப் பெயர் ஆடவல்லான், பொன் நிறுக்கும் கல்லுக்கும் அதே பெயர். நடராஜர் பெயரை அளவைக்கு வைத்துவிட்டால் அளப்பவனுக்குக் கை நடுங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. இன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை பார்க்கும்போது உங்கள் நினைவுக்கு வரலாம்.

கோயிலுக்கு வெவ்வேறு ஊர்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டு வந்து குடியேற்றினார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். நானூறை நூறால் பெருக்கினால் நாற்பதாயிரம் கலம், அந்த ஒரு தலைப்பில் மட்டும். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று பெண் பெண்ணாக வெட்டியிருக்கிறது. தபால்காரர் கையில் கொடுத்தால் அப்படியே பட்டுவாடா செய்துவிடலாம். அவர்களோடு நட்டுவனார், கணக்கர், தையற்காரர், நாவிதர், குடை பிடிப்பவர் எல்லோருக்கும் பங்கு பிரித்திருக்கிறார்கள்.

அந்தத் தெருக்கள் போய்விட்டன. வீடுகள் போய்விட்டன. உங்கள் ஊர் நெல்லின் கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது. வரும்போது பேரனையும் கூட்டி வாருங்கள். எழுத்தின் பள்ளத்தில் விரல் வைத்து மெதுவாகப் போனால் 'க'வும் 'ன'வும் பிடிபட ஆரம்பிக்கும். நான் ஒரு முழுக் காலை உட்கார்ந்து இரண்டரை வரி படித்தேன். என் அனுபவத்தில் தஞ்சாவூரில் அதைவிட மலிவான பொழுதுபோக்கு இல்லை.

திருச்சி வங்கி ஊழியர்: பெரிய கோயிலுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் ஏதோ சம்பந்தம் என்று எங்கள் மேனேஜர் புதிர் போட்டார்.

1954-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் பெரிய கோயில் படம். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்தவர்களைவிடக் கோயிலை நேரில் பார்த்தவர்கள் அதிகம். 1978-இல் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கோயில் இன்றும் செல்லுபடியாகிறது. மேனேஜரிடம் ஒரு நாள் லீவு கேளுங்கள்.

ஒரத்தநாடு வாசகி: மாமியாரோடு வேனில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில், நடுவில் பெரிய கோயில். இருபது நிமிஷம் கொடுத்தார்கள். ஒன்றுமே நினைவில்லை.

சனீஸ்வரன்கூட ஏழரை வருஷம் அவகாசம் கொடுக்கிறார், வேன் டிரைவர்தான் கொடுப்பதில்லை. மாமியாருக்கு நவக்கிரகம் ஒரு நாள், உங்களுக்குத் தஞ்சாவூர் ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் செலவு டவுன் பஸ்ஸில் முடிந்துவிடும். மாமியாரை வீட்டில் விடச் சொல்வதாகப் படித்தால் அது உங்கள் கற்பனை.

நாகப்பட்டினம் வாசகர்: ஐரோப்பாவையே தஞ்சாவூர்ப் பக்கத்தில் பார்த்துவிடலாம் என்று எங்கேயோ சொன்னீர்கள். ஆதாரம்?

உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். வடக்கே கடலோரமாக பஸ் பிடித்தால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சாவூர் மன்னர் ரகுநாத நாயக்கரிடம் இடம் கேட்டு வாங்கி டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆக, இங்கிருந்து ஒருவர் கோபன்ஹேகன் போனாலும் அங்கே பெருமையாகக் காட்டப்படுவது தஞ்சாவூர்த் தங்கமாக இருக்கலாம். சீகன்பால்க் பாதிரியார் 1706-இல் வந்து இறங்கியதும் இதே கரைதான். 1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை, நுழைவாயில், தேவாலயம், அகலமான ராஜ வீதி எல்லாம் அப்படியே. கடல் காற்று அடிக்கிறது, மீன் வறுத்துத் தருகிறார்கள். இது டென்மார்க்கில் கிடைக்காது.

அடுத்து தஞ்சாவூர். சிவகங்கைக் குளத்துப் பக்கம் 1779-இல் கட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயம். ஸ்வார்ட்ஸ் பாதிரியார் சரபோஜிக்கு ஆசானும் காப்பாளருமாக இருந்தவர். 1798-இல் அவர் இறந்தபின் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் ஒரு சிற்பம் செய்து வரவழைத்தார். படுக்கையில் கிடக்கும் கிழவர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகை கட்டிய இளைஞர். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் சிற்பம் பார்க்கத் தேவாலயம் தேவாலயமாக அலைகிறார்கள், நாம் தினமும் அதைத் தாண்டி டியூஷனுக்குப் போகிறோம். அரண்மனை தர்பார் மண்டபத்தில் கைகூப்பி நிற்கும் சரபோஜியின் வெள்ளைச் சலவைக்கல் சிலையும் லண்டன் சரக்குதான். செய்தவர் சாண்ட்ரி.

விமானத்தின் வடக்கு முகத்தில் தொப்பி போட்ட துரை ஒருவர் எட்டிப் பார்ப்பார். வெள்ளைக்காரன் வரப்போவதை ராஜராஜன் முன்கூட்டியே அறிந்து வைத்தான் என்று ஒரு கதை உலவுகிறது. பிற்காலத் திருப்பணியில் சேர்ந்த சுதை உருவம் என்பதுதான் நம்பத் தகுந்தது. தொப்பியைப் பார்க்கப் பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போன் கேமராவை இழுத்துப் பாருங்கள்.

கடைசியாக மனோரா. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கும் எட்டு அடுக்குக் கோபுரம். நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட சரபோஜி எழுப்பியது. கல்வெட்டில் ஆண்டு 1814. அந்த மனிதரோ அடுத்த வருஷமே எல்பா தீவிலிருந்து தப்பி மறுபடி பாரீஸுக்குள் நுழைந்துவிட்டார்! வாட்டர்லூவில் அவர் கதை முடிந்தது 1815 ஜூனில். அந்த நடுமாதங்களில் சரபோஜியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்வெட்டை யாரும் திருத்தவில்லை, திருத்த வேண்டிய அவசியமும் வரவில்லை.

திருவாரூர் வாசகி: மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்குவது?

சரஸ்வதி மகால். அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு வரிசைப் படம் இருக்கும். பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ரன் வரைந்த மனித முகங்கள். ஒருத்தர் ஆந்தை மாதிரி, ஒருத்தர் ஆடு மாதிரி, ஒருத்தர் ஒட்டகம் மாதிரி. மனிதமுகம், மிருகமுகம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார். அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உடன் வந்திருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம். நான் என் சித்தப்பாவை அடையாளம் கண்டுகொண்டேன், அவர் என்னைக் கண்டுகொண்டார், இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்தப் புத்தகங்களையெல்லாம் சரபோஜி சேர்த்த நிலைமையையும் யோசியுங்கள். 1799 ஒப்பந்தத்தில் நாடு கம்பெனி கைக்குப் போய்விட்டது. அவருக்கு மிஞ்சியது கோட்டையும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும், ஒரு ஆண்டுப் படியும். நாடு போன ராஜாக்கள் வேறு என்னென்னவோ வாங்குவார்கள். இவர் ஓலைச்சுவடி வாங்கினார், அகராதி வாங்கினார், கப்பலில் ஐரோப்பியப் புத்தகம் வரவழைத்தார். 1918-இல் நூலகம் பொதுச் சொத்தானது. பட்ஜெட்டுக்குள் தலைநகர் நடத்துவது எப்படி என்று அவரைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

ஜெயங்கொண்டம் வாசகர்: எங்கள் கங்கைகொண்டசோழபுரத்தை விட்டுவிட்டுத் தலைநகர் பேசுவது நியாயமா? இருநூற்றைம்பது வருஷம் தலைநகர் நாங்கள்தான்!

நியாயமில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கேயும் நுழைவுக் கட்டணம் இல்லை. அப்பா கட்டியது ஆணாக நிமிர்ந்து நிற்கும், மகன் கட்டியது பெண்ணாக வளைந்து நிற்கும் என்பார்கள். சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சுற்றும் சிற்பத்தைப் பார்க்காமல் வந்தால் போனதே வீண்.

போகும் வழியில் கொள்ளிடத்தில் அணைக்கரை வரும். அங்கே ஒரு நிமிஷம் உங்கள் ஊர்க்காரராகவே கோபப்பட்டுக்கொள்ளுங்கள். 1836-இல் கீழணை கட்டியபோது உங்கள் கோயில் மதிலையும் மண்டபங்களையும் உடைத்துக் கல் கொண்டு போனார்கள். அந்த அணைத் தண்ணீரில் எத்தனை ஆயிரம் வேலி விளைந்தது என்று யோசித்தால் கோபம் பாதியாகும். முழுதாக அடங்காது. எனக்கு அடங்கவில்லை.

பேராவூரணி வாசகர்: எந்த மாதம் வரலாம்?

மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் ஆடியில் ஆறுகள் நிறைந்திருக்கும், கோயிலை ஒட்டி ஓடும் புதுஆற்றிலும் தண்ணீர் போகும். பச்சை வேண்டுமானால் மார்கழி, சம்பா நிற்கும். தையில் அறுவடை, திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பாட்டுக்கும் டிக்கெட் இல்லை. சித்திரை மத்தியானம் மட்டும் வேண்டாம். கோயில் கல்தளத்தில் கால் வைத்தால் பரதநாட்டியம் கற்காமலே வரும். வெளிநாட்டுக்காரர்கள் சாக்ஸ் போட்டு நடக்கிறார்கள். நாம் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நார்விரிப்புக்கு ஓடுகிறோம்.

கோயம்புத்தூர் வாசகி: சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பணத்தைவிட வயிற்றை ஒதுக்குங்கள். கும்பகோணத்தில் இட்லியோடு கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டதும். பித்தளை டவராவில் டிகிரி காபி. திருவையாற்றில் அசோகா, அதுவும் பாசிப்பருப்பில்தான். இந்த ஜில்லாவில் பாசிப்பருப்புக்கு இரண்டு அவதாரம். சாம்பார் தஞ்சாவூர் அரண்மனையில் சம்பாஜி பேரால் பிறந்தது என்று சர்வர் சொன்னால் தலையாட்டுங்கள். ஆதாரம் கேட்டால் இரண்டாம் தடவை ஊற்ற மாட்டார்.

சிதம்பரம் வாசகர்: நினைவுக்கு என்ன வாங்கலாம்? தஞ்சாவூர் ஓவியம் பேரம் பேசலாமா?

தங்கரேக்கு ஒட்டிய ஓவியத்தை ஐந்நூறு ரூபாய்க்குக் கேட்டால் ஐந்நூறு ரூபாய்க்குத் தகுந்த தங்கம்தான் அதில் இருக்கும். பட்ஜெட்டுக்குத் தலையாட்டி பொம்மை. அடியில் கனமாகக் களிமண் வைத்த ராஜாவும் ராணியும், எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும். வாங்கும்போது பெட்டியில் வைப்பதற்கு முன் ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். எங்கள் வீட்டு ராஜா பதினோரு வருஷமாகப் படுத்தே இருக்கிறார்.

தஞ்சாவூர், கீழவாசல் வாசகர்: பிறந்தது, படித்தது, கல்யாணம் எல்லாம் இங்கேதான். வயது 54. பெரிய கோயிலுக்குப் போவேன். சரஸ்வதி மகாலுக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பாரீஸ்காரர்களில் எத்தனை பேர் ஈஃபில் கோபுரம் ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டு உங்களைத் தேற்றலாம். தேற்ற மாட்டேன். கீழவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம், அந்தத் தெருவில் உங்களுக்குப் பாத்திரக் கடையும் தெரியும், பரோட்டா கடையும் தெரியும். இந்த வாரமே போங்கள். டிக்கெட் கொடுப்பவர் "எந்த ஊரிலிருந்து வர்றீங்க?" என்று கேட்டால் கும்பகோணம் என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன்.